நீர்மூழ்குவார் காற்றுக்கலம்: அதனை அபாயமின்றி நிரப்பும் முறை

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தாங்கியிருத்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிஷங்களுக்கு மேல் இருத்தல் கூடாது. இவ்வுண்மையை அறியாதார் இலர். ஆயினும், காற்று யாண்டும் விலையின்றிக் கிடைப்பதால், அதனை அளந்து, தூய்மை செய்து, அடைத்து, காத்து வழங்க வேண்டிய நிலை ஒன்று உண்டென்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. கடலின் அடியிற் செல்வோர்க்கும், புகை சூழ்ந்த வீட்டினுட் புகும் தீயணைப்போர்க்கும், கெட்ட வாயு தங்கிய கிணற்றில் வீழ்ந்தாரை மீட்க இறங்குவோர்க்கும் அந்நிலை உண்டு. அவர்கள் முதுகிற் சுமந்து செல்லும் கலத்தில் அடைபட்ட காற்றே அவர்களுக்கு உயிர்நிலை. அதனை நிரப்புவோன் கரையிலே நிற்கிறான். அவன் செய்த பிழையின் பயனை அநுபவிப்பவனோ ஆழத்திலே இருக்கிறான். ஆதலின், அக்கலத்தை அபாயமின்றி நிரப்பும் முறையை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆகிய வானம் பார்த்த நிலத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர், "எங்கள் பக்கத்திற் குளிப்பதற்கே நீர் அரிது, நீர்மூழ்குவார் கலம் எங்களுக்கு எதற்கு?" என்று வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை இக்கட்டுரையின் இறுதியில் வரும். முதற்கண் ஒன்று கூறுவேன். ரெவினியூ ஏடுகளில் 'டாங்கு' என்றெழுதினால் நம் நாட்டிற் கண்மாயைக் குறிக்கும். நீர்மூழ்குவாரும் தம் காற்றுக்கலத்தை 'டாங்கு' என்றே வழங்குவர்.  கண்மாயைக் காக்கும் முறை அறிந்தோர்க்கு இக்கலத்தைக் காக்கும் முறை எளிதில் விளங்கும். கண்மாய்க்குக் கரை வேண்டும். வேண்டியபோது திறந்து மூட மடை வேண்டும். மிகுந்த நீர் கரையை உடைக்காமற் கழிந்து செல்லக் கலுங்கு வேண்டும். ஆண்டுதோறும் குடிமராமத்து வேண்டும். இந்நான்கும் காற்றுக்கலத்திற்கும் உண்டு.

கடலடியிற் சென்றோர்

தென்பாண்டிக் கடலில் முத்துக் குளித்தோர் பண்டைக்காலந்தொட்டுக் கருவி யாதுமின்றி மூச்சையடக்கியே மூழ்கினர். கயிற்றிற் கட்டிய கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி விரைந்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷ காலத்திற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு, தோழன் கயிற்றை இழுக்க மேலே வருவர். தூத்துக்குடியில் அரசாங்கத்தார் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

இதனிடையே மேனாட்டில் வேறொரு வழி பிறந்தது. 1943ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கடற்படையினரான ழாக் கூஸ்தோ என்பவரும், எமீல் கான்யான் என்னும் யந்திர நிபுணரும் 'அக்வாலங்' என்னும் கருவியைச் சமைத்தனர். உயர் அமுக்கத்தில் அடைத்த காற்றை, மூழ்குவோன் மூச்சிழுக்குந்தோறும், அவன் இருக்கும் ஆழத்தின் அமுக்கத்திற்குச் சமமாகக் குறைத்துத் தருவது அக்கருவியின் சிறப்பு. கருவியின் இப்பகுதியை ரெகுலேட்டர் என்பர். நீருள் மூச்சுவிடுதற்குத் தானே நிறைவாயமைந்த கருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, 1952இல் அமெரிக்கரான லாம்பர்ட்ஸன் என்பார் 'ஸ்கூபா' என்னும் பெயரை அமைத்தார்.

நம் நாட்டிலும் இக்கருவி வீண்போகவில்லை. மன்னார் வளைகுடாவிலே தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள கடலடியை மகாதேவன், நாகப்பன் நாயர் என்னும் மீன்வள ஆராய்ச்சியாளர் இருவரும் தாமே மூழ்கி நேரிற் கண்டு, 1960களில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டனர். பூம்புகார்க் கடலில் ஏறக்குறைய 23 மீட்டர் ஆழத்திலே குதிரை லாடம் போல் வளைந்து கிடக்கும் அமைப்பொன்று 1990களின் தொடக்கத்தில் ஆராயப்பட்டதும் மூழ்கு கருவி பூண்டோராலேயே.

கலமும் அதன் ஆற்றலும்

இன்று பலரும் வழங்கும் அலுமினியக் கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உட்கொள்ளளவு 11 லிட்டருக்குச் சற்று மிகுதி. ஒரு சிறு குடத்து நீரே கொள்ளும். அதனுள், சதுர அங்குலத்திற்கு 3,000 பவுண்டு அமுக்கத்தில், வெளியுலகில் ஏறத்தாழ 2,200 லிட்டர் இடம் அடைக்கும் காற்று திணிக்கப்படுகிறது. காற்றுக்கு எடையில்லை என்று கருதுவோர், நிறைந்த கலத்தையும் ஒழிந்த கலத்தையும் தராசில் வைத்துப் பார்ப்பாராக. இரண்டிற்கும் இரண்டரைக் கிலோவுக்கு மேலும் வேற்றுமை இருக்கும்.

சதுர அங்குலத்திற்கு 3,000 பவுண்டு என்பது எத்தகையது? சாலையோரத்துப் பஞ்சர் கடையிலே காரின் சக்கரத்திற்கு அடைக்கும் காற்றின் அமுக்கம் முப்பது முப்பத்தைந்து பவுண்டு. இக்கலத்தில் அதைப்போல் தொண்ணூறு மடங்கு உண்டு. உட்சுவரின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும், அதாவது பெரியதொரு தபால் தலையின் அளவுள்ள இடத்தின் மீதும், ஒரு காரின் பாரத்திற்கு ஒப்பான பாரம் அழுத்திக்கொண்டிருக்கிறது. இதனைத் தாங்குதற்காகவே அச்சுவர் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் தடிப்பாகச் செய்யப்படுகிறது. அடைபட்ட காற்று ஒரு கணத்தில் விடுபடின் வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், அது நாலரை லட்சம் ஜூலுக்குக் குறையாது. 1,000 கிலோ எடையை 45 மீட்டர் உயரத்திற்குத் தூக்கி எறிய அவ்வாற்றல் போதுமானது. கண்மாய்க் கரை உடைந்தால் ஊர் அழிவது போல, இக்கலம் உடைந்தால் அறை அழியும். அருகில் நின்றோரும் அழிவர்.

இக்காற்று எவ்வளவு நேரம் போதும்? ஒருவன் நிமிஷத்திற்கு 20 லிட்டர் காற்றை மூச்சிழுக்கிறான் என்று கொள்வோம். கடல்நீரில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வாயுமண்டல அமுக்கம் கூடுகிறது. 1662இல் பாயில் வெளியிட்ட விதியின்படி, அமுக்கம் இரு மடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும். ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் மூழ்குவோன் நிமிஷத்திற்கு 40 லிட்டர் செலவிடுகிறான். கலம் 55 நிமிஷம் வரும். 30 மீட்டர் ஆழத்தில் 80 லிட்டர் செலவாகும். 27 நிமிஷமே வரும். இதிலும் ஒரு பகுதியை மீட்சிக்கென வைத்துவிட்டே கணக்கிடல் வேண்டும்.

அதனுள் இருப்பது பிராணவாயு அன்று

மூழ்குவோர் 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' சுமந்து செல்வதாகப் பத்திரிகைகள் எழுதுவதும், நாம் பேசுவதும் வழக்கம். அது தவறு. கலத்தில் இருப்பது நாம் இப்பொழுது உட்கொண்டிருக்கும் சாதாரணக் காற்றே: நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு, எஞ்சிய ஒரு பங்கு ஆர்கான் முதலியன. தனிப் பிராணவாயுவை ஏன் அடைப்பதில்லை? உயிரைக் காக்கும் அவ்வாயுவே, அமுக்கம் மிகும்போது நஞ்சாகிறது. இதனைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர் என்பவர் 1878இல் தாம் வெளியிட்ட பெரு நூலில் நிறுவினார். தனிப் பிராணவாயுவை மூச்சிழுப்போன் ஆறு மீட்டருக்குக் கீழே சென்றால், எச்சரிக்கை யாதுமின்றி வலிப்புக் கண்டு நீருள் மாளக்கூடும்.

நிரப்புவோனுக்கும் இதனால் ஓர் அபாயம் உண்டு. உயர் அமுக்கத்துப் பிராணவாயு எண்ணெய்ப் பசையைச் சந்தித்தால், நெருப்பின்றியே தீப்பற்றும். சாதாரணக் காற்று அடைத்துவந்த கலத்திலும் குழாயிலும் எண்ணெய்த் துகள் சிறிதாவது தங்கியிருக்கும். ஆகவே, அதற்கெனத் தனியே தூய்மை செய்யப்பட்ட கலமும், பயிற்சி பெற்ற ஆளும் இன்றிப் பிராணவாயுவை இதனுள் ஏற்றுதல் ஒருபோதும் கூடாது. பிராணவாயு மிகுந்த 'நைட்ராக்ஸ்' என்னும் கலவையை வழங்குமிடத்து, கலத்தின்மேல் அதன் விகிதத்தை எழுதி ஒட்டுவதும், மூழ்குவோன் தானே அளந்து பார்த்துக் கையெழுத்திடுவதும் மாறாத விதி.

காற்றைத் தூய்மை செய்யும் வகை

நம் பக்கத்தார்க்குக் கம்ப்ரஸர் புதியதன்று. பஞ்சர் கடையில் ஒன்று உண்டு. பாறை உடைத்துக் கிணறு வெட்டுவோர் ஒன்று கொண்டுவருவர். ஆழ்குழாய்க் கிணற்றினுள் காற்றைச் செலுத்தி நீரை மேலே தள்ளும் கம்ப்ரஸர் மோட்டார் தோட்டந்தோறும் ஓடுகிறது. ஆனால், இவற்றுள் எதுவும் மூச்சுக்காற்றை அடைப்பதற்கு உதவாது. அமுக்கம் போதாமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அவற்றிலிருந்து வரும் காற்றில் எண்ணெயும் நீரும் கலந்திருப்பதேயாகும். சக்கரத்திற்கு நுரையீரல் இல்லை, மனிதனுக்கு உண்டு.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுவதை யாவரும் தொட்டறிந்திருப்பர். காற்றை நெருக்குந்தோறும் உஷ்ணம் பிறக்கிறது. சாதாரணக் காற்றை ஒரே அடியில் 200 மடங்குக்கு மேல் நெருக்கினால், கணக்கின்படி 1,000 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட உஷ்ணம் உண்டாகும். யந்திரத்து எண்ணெய் அக்கணமே எரியும். டீஸல் யந்திரம் தீப்பொறியின்றி ஓடுவதும் இத்தத்துவத்தாலேயே. ஆதலின், மூச்சுக்காற்றுக் கம்ப்ரஸர் மூன்று அல்லது நான்கு படிகளில் வேலை செய்கிறது. மூன்று படியாயின், ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு: ஒன்று ஆறாகிறது, ஆறு முப்பத்தாறாகிறது, முப்பத்தாறு இருநூற்றுப் பதினாறாகிறது. ஒவ்வொரு படிக்கும் இடையே சுருள் குழாய்களிற் காற்றைச் செலுத்தி விசிறியாற் குளிரச் செய்கின்றனர்.

குளிர்ந்த காற்று தன்னகத்துள்ள ஈரத்தை விடுகிறது. முப்பது பாகை உஷ்ணமுள்ள கடற்கரைக் காற்று கன மீட்டருக்கு 30 கிராம் வரை நீராவி தாங்கக்கூடும். ஒரு கலத்திற்கு வேண்டிய காற்றிலிருந்து இவ்வாறு அரைக்கால் லிட்டரிற் பாதியளவு நீர் வெளிப்படலாம். இந்நீரும் எண்ணெயும் கலந்த கழிவு பிரிப்பான்களில் தங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிஷத்திற்கு ஒரு முறை அதனைத் திறந்து வடித்துவிடல் வேண்டும். சில யந்திரங்கள் தாமே வடித்துக்கொள்ளும். எனினும் வடிகிறதா என்று கண்ணாற் காணுதல் நிரப்புவோன் கடமை.

இதன் பின்னரே வடிகட்டி வருகிறது. அதனுள் அடுக்கடுக்காய் மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது, எஞ்சிய ஈரத்தை உறிஞ்சும் சல்லடை மணிகள். இரண்டாவது, எண்ணெய் மணத்தையும் ஆவியையும் பற்றிக்கொள்ளும் தூண்டப்பட்ட கரி. மூன்றாவது, ஹாப்கலைட்டு என்னும் மாங்கனீஸு, செம்பு ஆகியவற்றின் ஆக்ஸைடுக் கலவை. கார்பன் மோனாக்ஸைடு என்னும் கொடிய வாயுவைக் கரியமிலவாயுவாக மாற்றுவது இம்மூன்றாவதன் தொழில். ஈரம் பட்டால் ஹாப்கலைட்டு செயலற்றுப் போகும். ஆதலாலேயே ஈரத்தை அகற்றும் மணிகள் அதற்கு முன்னே வைக்கப்படுகின்றன. வடிகட்டிக்கு ஆயுள் உண்டு. அதனை யந்திரம் ஓடிய மணிக்கணக்கு கொண்டு அளப்பர். காற்றின் உஷ்ணம் மிக மிக அவ்வாயுள் குறுகும். குளிர்நாட்டார் வகுத்த மணிக்கணக்கை நம் சித்திரை வெயிலுக்கு அப்படியே கொள்ளலாகாது.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

கார்பன் மோனாக்ஸைடைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. இரத்தத்திலுள்ள செம்பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு இதனைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதை எளிதில் விடுவதில்லை. சுரங்கங்களில் இவ்வாயுவால் மாண்டோரை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு உடலியல் அறிஞர். இவ்வாயுவை முன்னறியச் சுரங்கத்தினுள் சிறு குருவிகளைக் கூண்டிற் கொண்டு செல்லும் வழக்கம் அவர் யோசனையால் எழுந்தது. ஆழத்திலிருந்து படிப்படியாய் மேலேறுதற்குரிய கால அட்டவணையை 1908இல் வெளியிட்டவரும் அவரே. அவர் புதல்வர் ஜே. பி. எஸ். ஹால்டேனும் இரண்டாம் உலகப் போரின்போது அமுக்க அறையில் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினார். 1957இல் இந்தியாவிற் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

இந்நஞ்சு கலத்தினுட் புகும் வழிகள் இரண்டு. ஒன்று, கம்ப்ரஸரை ஓட்டும் எஞ்ஜினின் புகையையோ, அருகில் நிற்கும் படகு அல்லது லாரியின் புகையையோ காற்றுவாய் இழுத்துக்கொள்வது. மற்றொன்று, யந்திரம் மிகச் சூடேறி, அதன் எண்ணெயே கருகுவது. முதலாவதைத் தடுக்கக் காற்றுவாயை உயரத்திலும், காற்று வீசிவரும் திசையிலும், எல்லாப் புகைக்கும் தூரத்திலும் வைத்தல் வேண்டும். காற்றின் திசை மாறினால் வேலையை நிறுத்தல் வேண்டும். இரண்டாவதைத் தடுக்க, மூச்சுக்காற்றுக்கென்றே உரிய எண்ணெயை இட்டு, யந்திரத்தை நிழலிலும் காற்றோட்டத்திலும் நிறுத்தல் வேண்டும்.

சிறிதளவாயின் என்ன கெடுதி என்று எண்ணலாகாது. தரையிலே பத்து லட்சத்தில் 10 பங்கு கார்பன் மோனாக்ஸைடு உள்ள காற்று, 30 மீட்டர் ஆழத்தில் அமுக்கம் நான்கு மடங்காவதால், தரையில் 40 பங்கு உள்ள காற்றுக்குச் சமமாகிறது. ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்கேற்பத் தனித்து அமுக்குகிறது என்று 1801இல் டால்டன் கண்ட விதியின் விளைவு இது. ஆதலின், அமெரிக்க நாட்டிற் பெரிதும் வழங்கும் நியதி பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இவ்வாயு இருத்தல் கூடாதென்கிறது. ஐரோப்பிய நியதி 5 பங்கோடு நிறுத்துகிறது. கரியமிலவாயுவுக்கு முன்னது 1,000 பங்கும், பின்னது 500 பங்கும் எல்லையிடுகின்றன. மன்னார் வளைகுடாவிற் சங்கு குளிப்போருட் சிலர், படகில் வைத்த கம்ப்ரஸரிலிருந்து நீண்ட குழாய் வழியாக நேரே காற்றுப் பெற்று மூழ்குதல் உண்டு. எஞ்ஜினின் புகைவாயும் கம்ப்ரஸரின் காற்றுவாயும் ஒரே சிறு படகில் அருகருகே இருக்குமாயின், அவர்கள் எத்தகைய அபாயத்தில் இறங்குகின்றனர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிரப்புதற்கு முன்

நிற்க. யந்திரம் நன்கு அமைந்துவிட்டதென்று கொள்வோம். இனிக் கலத்தைச் சோதித்தல் வேண்டும். அதன் தோளிலே எழுத்துக்கள் அடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். அவை கலத்தின் ஜாதகம் எனலாம். எவ்வளவு அமுக்கம் தாங்கும், எந்த உலோகத்தால் ஆயது, ஒழிந்த நிலையில் எடை எவ்வளவு, எந்த மாதத்திற் சோதிக்கப்பட்டது என்பனவெல்லாம் அதிற் காணலாம். 1980களின் பிற்பகுதி வரை 6351 என்னும் எண்ணுடைய அலுமினியக் கலவையாற் செய்யப்பட்ட கலங்கள் சிலவற்றில், கழுத்திலே மெல்லிய வெடிப்புக்கள் காலப்போக்கில் வளர்ந்தன. நிரப்பும்போது உடைந்து ஆட்களை ஊனப்படுத்தியதும் உண்டு. அதன் பின்னர் 6061 என்னும் கலவை வழக்கிற்கு வந்தது.

ஆண்டுக்கு ஒரு முறை வால்வைக் கழற்றி, விளக்கை உள்ளே இறக்கி, துரு, வெடிப்பு, நீர் ஆகியவை உண்டா என்று பார்ப்பர். இது நம் குடிமராமத்தைப் போன்றது. குறித்த ஆண்டுகளுக்கு ஒரு முறை நீரமுக்கச் சோதனை நடைபெறும். அமெரிக்க விதிப்படி இது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. கலத்தில் நீர் நிறைத்து, அதனை நீர்த்தொட்டியினுள் வைத்து, வேலை அமுக்கத்தைப்போல் மூன்றில் ஐந்து பங்கு, அதாவது 3,000 பவுண்டுக் கலமாயின் 5,000 பவுண்டு, அமுக்கம் ஏற்றுவர். கலம் சிறிது விரியும். அமுக்கத்தை விட்டால் மீளும். மீளாது நின்ற விரிவு மொத்த விரிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படின், அக்கலம் தள்ளப்படும். காற்றுக்குப் பதிலாக நீரைக் கொண்டு சோதிப்பதேன் எனின், நீர் நெருங்காப் பொருளாதலால் கலம் உடையினும் வெடித்துச் சிதறுவதில்லை.

இந்தியாவில் அமுக்க வாயுக் கலங்களை நிரப்புதலும் வைத்திருத்தலும் 2016ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசாங்க வெடிபொருட் பாதுகாப்புத் துறையினர் இவற்றை மேற்பார்க்கின்றனர். வாயு அடைத்த கலத்தை வெடிபொருளோடு சேர்த்து எண்ணிய சட்டத்தின் கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது.

அமுக்கம் முற்றும் ஒழிந்து வந்த கலத்தைச் சோதியாமல் நிரப்பலாகாது. வால்வு திறந்த நிலையிற் கடல்நீர் உட்புகுந்திருத்தல் கூடும். எஃகுக் கலமாயின் உப்புநீர் துருவை வளர்க்கும். துரு சுவரைத் தின்பதோடு, உள்ளிருக்கும் பிராணவாயுவையும் உண்டுவிடும். மாதக்கணக்கில் அவ்வாறு கிடந்த கலத்தின் காற்று, பார்வைக்குக் காற்றாயினும் உயிருக்கு உதவாது. அன்றியும், கலத்தின் திருகும் வால்வின் திருகும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை தாமா என்று அளந்தறிதல் வேண்டும். 25 மில்லிமீட்டர்த் திருகுள்ள வால்வு, முக்கால் அங்குலத் திருகுள்ள கலத்தினுள் தளர்ந்தேனும் ஏறிவிடும்; அமுக்கம் ஏறியபின் துப்பாக்கிக் குண்டுபோற் பாயும். அலுமினியக் கலத்திற்கு வர்ணம் பூசி அடுப்பறையிற் சுடுதலும், தீ விபத்திற் பட்ட கலத்தை மீண்டும் வழங்குதலும் அறவே ஆகா. 177 பாகை சென்டிகிரேடு உஷ்ணம் கண்ட அலுமினியக் கலம் தன் வன்மையை இழந்ததாகவே கருதப்படும்.

நிரப்பும் முறை

இவ்வளவும் ஆனபின், நிரப்பும் வேலை பெரும்பாலும் பொறுமையைச் சார்ந்தது. முதலில் வால்வின் வாயிலுள்ள நீர்த்துளியையும் தூசியையும் ஒரு கணம் காற்றுவிட்டு ஊதித் தள்ளுவர். பின்னர் நிரப்புங் குழாயைப் பூட்டி, கழிவுத் திருகை மூடி, கலத்தின் வால்வை முழுதும் திறந்து, கடைசியாகவே அமுக்கத்தைச் சிறிது சிறிதாக விடுவர். நிமிஷத்திற்கு 300 முதல் 600 பவுண்டுக்கு மேல் ஏறாதிருத்தல் நன்று. ஒழிந்த கலம் நிறைவதற்கு ஐந்து முதல் பத்து நிமிஷம் ஆகும். அவசரப்பட்டு நிரப்பினால் கலம் சுடும்.

கலம் சுடுவதால் வரும் கேடு இருவகை. உலோகம் வருந்துவது ஒன்று. அளவு பொய்ப்பது மற்றொன்று. 45 பாகை உஷ்ணத்தில் 200 வாயுமண்டல அமுக்கம் காட்டிய கலம், 30 பாகைக்குக் குளிர்ந்தபின் ஏறக்குறைய 190 காட்டும். பூஜ்யத்திற்குக் கீழ் 273 பாகையிலிருந்து உஷ்ணத்தை எண்ணி, 200ஐ 303ஆற் பெருக்கி 318ஆல் வகுத்தால் இவ்விடை வருவதைப் பௌதிக வகுப்பு மாணவர் எளிதிற் காண்பர். குறையை ஈடு செய்யக் கருதி, குறித்த அமுக்கத்திற்கு மேலே ஏற்றுவது சிலர் வழக்கம். அது தகாது. குளிரவிட்டு மீண்டும் நிரப்புவதே முறை. கலத்தைத் தண்ணீர்த் தொட்டியினுள் நிறுத்தி நிரப்புவாரும் உளர். ஆயினும், குழாய் வாயில் ஒட்டிய துளி கலத்தினுட் புகும் அபாயம் உண்டாதலால், அதனைப் பலர் விரும்புவதில்லை. வெயிலில் நிற்கும் வண்டியிலே நிறைந்த கலத்தை விட்டுச் செல்வதும் தவறே. உஷ்ணம் ஏற ஏற அமுக்கமும் ஏறும்.

அமுக்கம் எல்லை கடந்தால் என்னாகும்? கலத்தின் வால்விலே மெல்லிய செப்புத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருத்தல் உண்டு. கலத்தின் சுவர் உடைவதற்கு நெடுமுன்னரே அத்தகடு கிழிந்து, காற்று சீறி வெளியேறும். இதுவே நாம் முன்னர்க் கூறிய கலுங்கு. கலுங்கின்மேல் மண்ணை மேடுகட்டி, இன்னும் சிறிது நீர் தேக்கலாம் என்று முயல்வோர் கண்மாய்க்கு என்ன செய்கின்றனரோ, அதையே இத்தகட்டை இரட்டித்துப் பொருத்துவோர் கலத்திற்குச் செய்கின்றனர்.

நிறைந்தபின் கலத்தின் வால்வை முதலில் மூடி, குழாயின் வால்வைப் பின்னர் மூடி, இடையில் தங்கிய காற்றைக் கழிவுத் திருகு வழியே விட்டு, அதன்பிறகே குழாயைக் கழற்றுவர். இம்முறையை மாற்றினால் குழாய் சாட்டைபோற் சுழன்று முகத்தில் அடிக்கும். வால்வுக்கு நேரே தலையை நீட்டலாகாது. நிரம்பும் கலத்தைத் தனியே விட்டுச் செல்லலாகாது. வேலையில்லாதாரை அவ்விடத்து நிறுத்தலாகாது. அளவு கருவியாற் பிராணவாயுவின் பங்கையும், கார்பன் மோனாக்ஸைடு இல்லாமையையும் கண்டு, நாள், கலத்தின் எண், அமுக்கம், நிரப்பியவன் பெயர் ஆகியவற்றைப் புத்தகத்திற் பதிதல் வேண்டும். மூழ்குவோனும் காற்றைச் சிறிது வெளியே விட்டு முகர்ந்து பார்ப்பது நல்லது. எண்ணெய் நாற்றம் வீசினால் அதனைத் தள்ள வேண்டும். நாற்றம் இல்லாமையாலேயே தூயதென்று துணிதலும் கூடாது.

வறண்ட நிலத்தார்க்கு இதனால் ஆவது என்ன?

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். நம் பக்கத்திலே கடலில்லை, கிணறு உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் கிணறுகளை மேலும் ஆழமாக வெட்டுகின்றோம். பல பாழ்ங்கிணறுகள் மூடப்படாமலே கிடக்கின்றன. அவற்றின் அடியிலே, அழுகிய செடி கொடிகளிலிருந்து எழும் கரியமிலவாயுவும், சாக்கடை நாற்றமுள்ள கந்தக வாயுவும் கனத்தாற் படிந்து தங்கும். நீரிறைக்கும் எண்ணெய் எஞ்ஜினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டினால், நாம் மேலே கண்ட கார்பன் மோனாக்ஸைடு அங்கு நிறையும். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மத்தியப் பிரதேசத்துக் கண்டுவா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திருவிழாவிற்காகக் கிணற்றைத் தூர்வாரச் சென்றவர்கள் நச்சுவாயுவில் அகப்பட்டு எண்மர் மாண்டனர். முன்னே இறங்கினோரைக் காக்கப் பின்னே இறங்கியோரும் அவருள் அடங்குவர். இத்தகைய செய்திகளை நாம் வாசிக்குந்தோறும், அன்பே காரணமாக அடுத்தடுத்து இறங்கி மடிந்தோர் தொகையே மிகுதியாக இருப்பதைக் காணலாம்.

விளக்கைக் கயிற்றில் இறக்கி அணைகிறதா என்று பார்ப்பதும், இலைக்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றை அசைப்பதும் பழைய வழக்கங்கள். அவற்றால் ஓரளவு பயன் உண்டெனினும், நம்பத்தக்க காப்பு அவையல்ல. விளக்கு எரியும் காற்றிலும் கந்தக வாயுவும் கார்பன் மோனாக்ஸைடும் கொல்லும் அளவில் இருக்கக்கூடும். எரிவாயு நிறைந்த இடத்திலோ விளக்கே வெடிப்பை விளைவிக்கும். ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது வீண். அத்தகைய கிணற்றில் இறங்கத் தகுந்தவர், தம் காற்றைத் தாமே சுமந்து செல்லும் தீயணைப்பு மீட்புப் படையினரே. அவர்கள் அணியும் கலம், நீர்மூழ்குவார் கலத்தின் உடன்பிறப்பாகும். இழைகளால் இறுகச் சுற்றப்பட்டுப் பெரும்பாலும் 300 வாயுமண்டல அமுக்கம் தாங்கும் அக்கலம், கடினமான வேலையில் அரைமணி முதல் முக்கால் மணி வரை காற்றுத் தரும். அதனை நிரப்பும் யந்திரமும், வடிகட்டியும், சோதனையும், புத்தகப் பதிவும் மேலே கூறியவையே. ஆகவே, கிணற்றில் ஒருவர் மயங்கி வீழ்ந்தால், பின்னே குதியாது, 101 அல்லது 112 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்து, மேலிருந்தவாறே கயிறு விடுதலும் காற்றோட்டம் உண்டாக்குதலும் ஊரார் செய்யத்தக்கவை.

2018ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், தாய்லாந்து தேசத்து நீர் சூழ்ந்த குகை ஒன்றில் அகப்பட்ட சிறுவர் பன்னிருவரையும் அவர் பயிற்றாசிரியரையும் மீட்பதற்காகக் காற்றுக்கலங்களை வழியிலே வைத்துத் திரும்பிய சமன் குனான் என்னும் முன்னாட் கடற்படை வீரர், தம் காற்றுத் தீர்ந்து உயிர் துறந்தார். சிறுவர் அனைவரும் பின்னர்ப் பிழைத்தனர். அவர் மரணத்தை எண்ணும்போது, ஒரு கலத்துக் காற்றின் விலை எத்துணையென்பது புலனாகும்.

முடிவாக, இக்கலையில் மறைபொருள் யாதும் இல்லை. பாயிலும் டால்டனும் நிறுவிய விதிகள் நம் பாடப் புத்தகங்களில் உள்ளவையே. அவற்றைப் பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடுவோர்க்கும், ஒவ்வொரு நாளும் ஒரு வால்வைத் திறக்கும்போது நினைவில் வைப்போர்க்கும் உள்ள வேற்றுமையே பிறர் உயிருக்கும் மரணத்திற்கும் உள்ள வேற்றுமையாகிறது. நம் கல்லூரியிலிருந்து வெளியேறுவோருட் சிலர் கடலாராய்ச்சிக்கும், சிலர் தீயணைப்புப் பணிக்கும், சிலர் மருத்துவமனைக்கும், பலர் தம் ஊருக்கும் செல்வர். எங்குச் செல்லினும், தம்மைக் காணாத ஒருவன் தம் கைப்பட்ட காற்றை நம்பி மூச்சிழுப்பான் என்பதை நினைந்து வேலை செய்யின், அக்கல்வி பயனுடையதாகும்.